நூறு ஆட்டமும் மூன்று கட்டு முருங்கைக்கீரையும்

எங்கள் வீட்டில் ஓரம் நெளிந்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று இருக்கிறது. என் கல்யாணச் சீரில் வந்தது. கீரை ஆய்வதற்கு அதைத்தான் எடுப்பேன். என் நாத்தனார் அந்தத் தாம்பாளத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்து நான் பார்த்தது வாழ்நாளில் இரண்டே இரண்டு நாள்தான். என்னோடு சேர்ந்து அறுபது எழுபது பேர் பார்த்தார்கள். அவர்கள் யாரும் கீரையைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. அவளுடைய பேர் நிற்கிறதா போகிறதா என்று பார்க்க வந்தவர்கள்.

நாத்தனார் என்றால் என் கணவருக்குத் தங்கை. பூல் ஆட்டம்தான் அவளுக்குத் தொழில். நீளமான கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதனால் மற்றப் பந்துகளை மேஜையின் பாக்கெட்டுகளில் தள்ள வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். பெங்களூரில் படிக்கப் போன இடத்தில் பழகி, பெண்களில் நாட்டின் முதல் நாலைந்து பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். பிறகு எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கிற கடையின் மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து, ஒரே ஒரு மேஜை போட்டு ஹால் வைத்தாள். போட்டி இல்லாத நாளில் எட்டு மணி நேரம் அங்கேதான் பயிற்சி. வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டாள். கேட்டால் விரல் கெட்டுவிடுமாம். நானோ வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் மனு வாங்குகிற சீட்டில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு போட்டியில் அவள், ஆண்களில் பெரிய ஆட்டக்காரரான ஒரு சென்னைக்காரரை ஜெயித்துவிட்டாள். அது ஏழு ஆட்டத்தை முதலில் எடுக்கிறவர் ஜெயிக்கிற சின்னப் போட்டி. தோற்ற மனிதர் கை கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏழு ஆட்டத்துல குருட்டு யோகத்துல யார் வேணா ஜெயிச்சுடலாம் மேடம். நூறுக்கு வாங்க, அப்பப் பாக்கலாம்" என்றாராம். நூறு என்றால் முதலில் நூறு ஆட்டம் எடுக்கிறவர் ஜெயித்தவர். மூன்று நாள் பிடிக்கும். அவ்வளவு தூரத்துக்கு யோகம் கூட வராது, யார் ஆள் என்பது தெரிந்துவிடும். அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் பணம் வைத்து ஆடுகிறபோது அப்படி ஆடுகிறார்கள். "எங்க ஊருக்கே வாங்க சார்" என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். பந்தயம் ஆளுக்கு மூன்று லட்சம். அவளிடம் இருந்த மொத்தமும் அதுதான். தோற்றால் ஹாலை மூடிவிட்டு, ஏதாவது கிளப்பில் பணக்காரப் பிள்ளைகளுக்குக் கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டியதுதான். "ஆழம் தெரியாம கால விடுறா" என்று என் கணவர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தொடங்கியது. ஜெயித்தவரே அடுத்த ஆட்டத்தையும் தொடங்கலாம் என்பது ஏற்பாடு. அதனால் ஒருவர் கை ஓடத் தொடங்கினால் மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சென்னைக்காரருக்குக் கை ஓடியது. நாலு ஆட்டம், ஐந்து ஆட்டம் என்று வரிசையாக எடுத்துக்கொண்டே போனார். சாயங்காலம் அவர் நாற்பது, இவள் இருபத்தேழு. அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்துத்தான் கணக்கைத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஆட்டம் பார்க்க வந்திருந்த ஆட்டக்காரர்கள் நாலு பேருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆட்டத்தைப் பார்க்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. தாம்பாளத்தையும் மூன்று கட்டு முருங்கைக்கீரையையும் பையில் போட்டுக்கொண்டு போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். எனக்கு ஆட்டம் புரியாது, அதனால் அவளைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு பந்தை அடிக்கும்போதும் இவள் கழுத்து கூடவே போனது. கால் நடுங்கியது. அவர் ஆட்டத்தையும் சேர்த்து இவளே ஆடிக்கொண்டிருந்தாள். எங்கள் அலுவலகத்தில் இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிறேன். மனு கொடுத்துவிட்டு ஃபைல் எந்த மேஜைக்குப் போகிறது என்று கண்ணாலேயே துரத்துகிறவர்கள் மதியத்துக்குள் துவண்டு போவார்கள். பை நிறையப் பூவோடு வந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மா சாயங்காலம் வரைக்கும் அசரமாட்டாள். ஆனால் அன்றைக்கு இந்த ஞானமெல்லாம் எனக்கு வந்ததாகப் பொய் சொல்லமாட்டேன். மதியம் ஐம்பத்தெட்டுக்கு முப்பத்தொன்பது என்று ஆனபோது எனக்கு வந்தது வெறும் கோபம். பணமும் போகிறது, இங்கே எனக்குக் கீரையும் முடியவில்லை. தாம்பாளத்தைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன்.

"சும்மாதானே உக்காந்திருக்கே, இதையாவது ஆஞ்சு குடு."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு ஒரு ஈர்க்கை எடுத்து உருவ ஆரம்பித்தாள். உருவத் தெரியவில்லை, காம்போடு பிய்த்தாள். "பூச்சி இருக்கும், பாத்து" என்றேன். குனிந்து பார்த்தாள். முருங்கைக்கீரை பார்க்கிறவர்களை வேறு எதையும் பார்க்க விடாது. கொஞ்ச நேரத்தில் கால் நடுக்கம் நின்றிருந்தது. அவர் ஒரு பந்தைத் தவறவிட்ட சத்தம் கேட்டதும், துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் தூங்கி எழுந்தவள் போல மேஜைக்குப் போனாள். ஆறு ஆட்டம் எடுத்துவிட்டுத்தான் திரும்பி வந்து கீரையைத் தொட்டாள். அன்றைக்கு முடிவில் எழுபத்தொன்றுக்கு அறுபத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை நானாகவே இன்னும் மூன்று கட்டு வாங்கிப் போனேன். சென்னைக்காரர் கோலைச் சாய்த்து வைத்துவிட்டார். "இது மேட்ச்சா, சமையல்கட்டா? எனக்குக் கவனம் சிதறுது" என்று நடுவரிடம் முறையிட்டார். நடுவர் வேலூரிலிருந்து வந்திருந்த பெரியவர், அவரே ஒரு காலத்தில் ஆடியவர். "கீரை ஏதாவது சத்தம் போடுதாங்க? இல்லியே. நீங்க மேஜையப் பாத்து ஆடுங்க" என்றார். அங்கேதான் மனிதர் விழுந்தார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவரால் மேஜையைப் பார்க்க முடியவில்லை. அடிக்கக் குனிவார், கண் ஒரு தரம் தாம்பாளத்துக்குப் போய்வரும். அவர் நாற்காலிக்குத் திரும்பினாலோ இவள் ஆட்டத்தையும் சேர்த்து அவரே ஆடினார், முந்தின நாள் இவள் ஆடிய மாதிரி. எண்பத்து மூன்றில் சமம். அப்புறம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் தணிகிற நேரத்துக்கு நூறு எடுத்தாள். அவர் தொண்ணூற்றிரண்டில் நின்றார்.

காபிக்கடையிலிருந்து வெள்ளைக்காரர்கள் கூட மேலே ஓடி வந்து கை தட்டினார்கள். என் கணவர் எப்போது வந்து நின்றாரோ தெரியவில்லை, குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். சென்னைக்காரர் நேராக அவளிடம் வந்து, "யோகம்னு சொன்னது என் தப்பு மேடம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். நல்ல மனிதர்தான். அவள் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று எழுந்தேன். தாம்பாளத்தை நீட்டினாள். "பூச்சி இல்ல அண்ணி. பாத்துட்டேன்." அன்றுதான் அவள் எனக்கும் தங்கை ஆனாள்.

இப்போது அந்த ஹாலில் மூன்று மேஜை. போன மாதம் வெளிநாட்டில் ஒரு பெரிய ஆட்டக்காரியோடு நூறுக்கு ஆடக் கிளம்பினாள். அங்கே முருங்கைக்கு எங்கே போவாள் என்று, உடைக்காத வேர்க்கடலை ஒரு கிலோ பெட்டியில் வைத்து அனுப்பினேன். ஜெயித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தால் கடலை அப்படியே இருந்தது. "முதல்லேர்ந்தே நான்தான் முன்னாடி. தேவப்படல அண்ணி" என்றாள்.

நேற்று நான் சமையல்கட்டில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே காலை நீட்டிக்கொண்டு அவள் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மாதானே உக்காந்திருக்கே, இதையாவது ஆஞ்சு குடு" என்றேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தோக்கறப்பதான் அண்ணி ஆய்வேன்."

அப்படியானால் இனி ஆயுசுக்கும் நான்தான் ஆய வேண்டியிருக்கும். சந்தோஷமாக அடுத்த ஈர்க்கை எடுத்தேன்.