தேவிக்கு வைத்த கைகள்

எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே மாவுக்கட்டு. அவர் வீட்டு ஹாலில் ஆள் நடக்க வழி கிடையாது. எங்கே திரும்பினாலும் கிரேக்கப் புராணச் சிலைகளின் நகல்கள். டிவிக்குப் பக்கத்தில் பாம்புகளோடு மல்லுக்கட்டும் அப்பனும் இரண்டு பிள்ளைகளும். பீரோ மேல் காலில் சிறகு முளைத்த தூதன். ஜன்னலோரம் இரண்டு கையும் இல்லாத தேவி. "ஒரிஜினலே இப்படித்தான் சார்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தும் அவருக்கு மனசு ஆறவில்லை.

தூதனைத் துடைக்கத்தான் மகள் ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் சரிந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "சிலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

சிலைக்கு ஒரு கீறல்கூட இல்லை. மகளுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. பார்லரில் முடி வெட்டுகிறவள். கத்தரிக்கோல் பிடிக்கிற கை. டாக்டர் எலும்பைச் சேர்த்துவைக்க, கட்டுப் போட்டது அவரேதான். அன்றிலிருந்து மகள் அவரிடம் பேசுவதில்லை.

கட்டுப் போட வருகிறவர்களிடமெல்லாம் "ஆறே வாரம், பறந்துடும்" என்று சொன்னவருக்கு ஆறு நாளைத் தள்ளுவதே பெரும்பாடாக இருந்தது. ரொம்ப இறுக்கிக் கட்டிவிட்டோமோ? உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் ஜன்னலுக்குப் போனார். அங்கே கையில்லாத தேவி. களிமண் வாங்கிவந்து அவளுக்குக் கை வைக்க ஆரம்பித்தார். கைகளை மேலே உயர்த்தி வைத்தார், பிடிக்கவில்லை. இடுப்பில் ஊன்றிப் பார்த்தார். காயாமலிருக்க ஈரத்துணி சுற்றிவைத்து, மறுநாள் மறுபடி பிய்த்தார்.

"என்னங்க இது, பஸ்சுக்குக் கை காட்டுற மாதிரி நிக்கிறா!" என்றாள் மனைவி. "அவளைச் சும்மா விடுங்களேன், பாவம்."

"கை இல்லாம எப்படிடி இருப்பா?"

"இத்தனை வருஷம் இருந்தாள்லம்மா?" என்று உள்ளறையிலிருந்து அம்மாவிடம் சொல்வதுபோல மகள் சொன்னாள்.

கட்டுப் பிரிக்கும் நாளில் மாவுக்கட்டை அறுக்கும் ரம்பத்தை இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் கீழே வைத்தார். கூட வேலை பார்ப்பவரிடம் அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கட்டுக்குள்ளிருந்து மெலிந்து, தோலுரிந்து, யாரோ ஒருத்தியின் கை வெளியே வந்தது. விரல்களை மடக்கச் சொன்னார்கள். பாதியிலேயே நின்றுவிட்டன.

"எலும்பு நல்லா சேர்ந்திருக்கு. விரல்தான் பிடிச்சிருக்கு. மெத்துனு எதையாவது தினமும் பிசையட்டும், சரியாயிடும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய்த் தேவியின் வலது கையைப் பிடுங்கி, உருட்டி, மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"அன்னைக்கு உன்னைத்தாம்மா முதல்ல கேட்டிருக்கணும்."

அவள் அழுத்தினாள். களிமண்ணில் மூன்று விரல் தடம் மட்டும் லேசாக விழுந்தது. அவர் கால் மாற்றி மாற்றி நின்றார்.

"ஒரு இடத்துல உக்காருங்கப்பா, எனக்குத் தலை சுத்துது" என்றாள். மறுபடியும் அழுத்தினாள். "இது சீக்கிரம் காஞ்சுடும். அந்த இன்னொரு கையையும் எடுத்து வைங்க."