ரோலர் காட்டிய முதுகு

கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஜனார்தனனுக்கு இப்போது வேப்பம்பட்டு வீட்டில் பேப்பர் படிப்பதுதான் வேலை. அதிலும் பாதிப் பக்கம் தாண்டமாட்டார். மனசு ஆலை இருக்கிற சிப்காட்டுக்குப் பஸ் ஏறிவிடும். போனால் அங்கே ரோலர் என்ற செவலை நாயைத்தான் தேடும். அது செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

ரோலர் யாருக்கும் சொந்தமில்லை, ஆலைக்கே சொந்தம். கேட்டில் செக்யூரிட்டி தானியேலைக் கண்டால் உடம்பையே வளைத்து வாலாட்டும். லாரி டிரைவர்களின் கையை நக்கும். புதிதாக ஒரு நாய் வந்தால் முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி, விளையாட வா என்று கூப்பிடும். ஊருக்கெல்லாம் இத்தனை உபசாரம் செய்கிற நாய், தினமும் தயிர்சாதத்தில் பங்கு போடுகிற ஜனார்தனனிடம் மட்டும், தின்று முடித்ததும் ஸ்டோரில் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும்.

இதுதான் அவரைச் சுட்டது. திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். பெருமாளைச் சேவித்துவிட்டு, முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வந்து பழகிய கால்கள் அவருடையவை. முகம் என்றால் மரியாதை, முதுகு என்றால் அவமானம். "சாதம் போடறவனுக்கு முதுகைக் காட்டறது பார், நன்றி கெட்டது" என்று திட்டுவார். மறுநாள் ஒரு பிடி கூடவே போடுவார்.

அவர் ஓய்வு பெறுகிற மாதம் ஆலை கைமாறியது. வளாகத்தில் ஒரு நாயும் இருக்கக் கூடாது என்று புதிய நிர்வாகம் சொல்லிவிட்டது. அங்கே திரிந்த நாய்க்குட்டிகளுக்கெல்லாம் வீடு கிடைத்தது. ரோலர் கிழம், அதை யார் கேட்பார்கள்?

"நீங்க இட்டுக்கினு போய்டுங்க சார். இல்லன்னா வலை போட்டுப் புடிச்சிக்கினு பூடுவானுங்க. எங்க ஊட்ல ஏற்கெனவே ரெண்டு கீது" என்றான் தானியேல்.

"எதுக்குப்பா? அதுக்கு என்னைக் கண்டாலே ஆகலை" என்றார்.

கடைசி வாரம் அவர் ஆபீஸுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் வேலைக்கு அடுத்து வரப்போகிற ஜெகன் ஸ்டோரில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தவர் ஜன்னல் வழியே பார்த்தார். ரோலர் வழக்கமான இடத்தில்தான் இருந்தது, ஆனால் முகம் ஜெகன் பக்கம். அவன் கால் மாற்றிப் போட்டால் அதன் காது எழுந்தது. ஃபைலை வைத்தால் தலை தூக்கியது. நடுநடுவே கொட்டாவி விட்டது. தூக்கக் கொட்டாவி இல்லை, நிம்மதியில்லாத கொட்டாவி.

ஜனார்தனன் உள்ளே வந்ததும் ஜெகன் எழுந்து போனான். ரோலர் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது. திரும்பி, அவருக்கு முதுகைக் கொடுத்துப் படுத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தூங்கிப் போனது.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் காட்டியவர்களையெல்லாம் அது கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறது. கண்காணிக்க வேண்டாத ஒரே ஆள் அவர். இத்தனை வருஷம் அது தன் பாஷையில் இருப்பதிலேயே பெரிய வார்த்தையைச் சொல்லியிருக்கிறது, இவர் பதிலுக்கு வைதிருக்கிறார்.

ஆலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, வீட்டுச் சாமானோடு அதையும் ஏற்றிக்கொள்ள லோடு ஆட்டோ வந்தது. தானியேல் கயிறு போட்டு இழுத்தான். ரோலர் வாலைக் கவட்டுக்குள் விட்டுக்கொண்டு, உதட்டை மடித்துப் பல்லைக் காட்டியது.

"கிட்ட போவாதீங்க சார், கடிச்சிடும். வுட்டுடலாம் சார்."

"கயித்தைக் கீழே போடுப்பா."

ஜனார்தனன் அதன் கண்ணைப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. வெள்ளை வேட்டியோடு கேட் வாசல் புழுதியில் உட்கார்ந்தார். நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பாவம், அந்த உடம்புக்கு அது பழக்கமே இல்லாத காரியம். கழுத்து திரும்பத் துடித்தது, திரும்பவில்லை.

உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிறகு சூடாக, கனமாக ஏதோ ஒன்று அவர் முதுகில் வந்து சாய்ந்தது. முகத்தையா முதுகையா என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஷிப்டு விட்டு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் எதிரில் ஜனார்தனன் அழுதார். லோடு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.