ஆசிட்டில் ஊறிய கார்புரேட்டர்

ரப்பர் பால் வாளிக்குள் கிடந்த அந்தக் கார்புரேட்டரை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். உலோகம் முழுக்கக் குழி குழியாக அரித்து, மேலே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி படிந்திருந்தது. பக்கத்தில் அத்தான் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "எப்படி மச்சான், அழுக்கு ஒரு பொட்டு இருக்கா பாரு?" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஈப்போவில் ஒரு பட்டறையில் மெக்கானிக். அக்காளும் அத்தானும் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். தோட்டம் கைமாறி, ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போன லாரியும் நின்றுபோயிருந்தது. அக்காளுக்கு நுரையீரல் கெட்டுப்போய் வாராவாரம் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செம்மண் சாலையில் மூன்று மைல் போனால்தான் பஸ். அத்தான் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவார். திரும்பி வந்தால் இரண்டு நாளைக்கு எழுந்திருக்க மாட்டாள். அதனால்தான் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியார் கொட்டகையில் போட்டுவைத்திருந்த பழைய காரை அத்தான் கேட்டு வாங்கினார்.

பெட்ரோல் டாங்கி உள்ளே ஒரே துரு. மண்ணெண்ணெய் ஊற்றி, சைக்கிள் சங்கிலியைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். பாதிதான் போனது. அத்தான் ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைக்கிறவர். பாலில் ஊற்றுகிற ஆசிட் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதைத் தண்ணீரில் கலந்து டாங்கியில் ஊற்றி ஒரு நாள் வைத்தார். கழுவிப் பார்த்தால் பளபளவென்றிருந்தது. "பலே அத்தான், எனக்கே தோணல" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். டாங்கி இரும்பு, தாங்கும். கார்புரேட்டர் வேறு உலோகம், அரித்துவிடும் என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நான் போவதற்குள், பிசினாய் ஒட்டியிருந்த பழைய பெட்ரோல் கசடு போகட்டுமென்று கார்புரேட்டரையும் ஆசிட்டில் ஊறப்போட்டுவிட்டார்.

ஈப்போவில் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் அலைந்தேன். அந்தக் காருக்கு வேறு கார்புரேட்டர் எங்கும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போன அன்று அக்காள் அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓடாதுன்னு மட்டும் சொல்லிறாத தம்பி. அந்த மனுசன் ஒடஞ்சி போயிருவாரு லா."

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த நாடகம்தான். கழற்றுவேன், பெட்ரோலில் கழுவுவேன், மெல்லிய கம்பியால் துளைகளைக் குத்தி ஊதுவேன். காற்று போகக்கூடாத இடத்தில் எல்லாம் போகும். "இந்த வாட்டி புடிச்சிரும் அத்தான்" என்பேன். பிடிக்காது. அக்காள் காப்பியோடு வாசல்படியில் உட்கார்ந்து, "ரெண்டு பேரும் சேந்து காருக்குக் கருமாதி பண்றீங்களா?" என்று கேலி பண்ணுவாள். சிரித்தால் இருமல் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போவது இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைந்து, கார் ஓடட்டும் போகலாம் என்று ஒரேயடியாக நின்றுபோயிற்று.

ஒன்றரை வருஷம் இருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கே ஒன் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன் மச்சான்."

"பின்ன ஏன் வாராவாரம் என்னைக் கழட்டச் சொன்னீங்க?"

"நீ வாரேன்னா அவ காலையிலயே தல சீவி உக்காந்துருவா லா. மத்த நாள்ல எந்திரிக்கவே மாட்டா."

ஆக, கார் ஓடாது என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. பட்டறையில் ரிப்பேர் முடிந்து, சாவியோடு எத்தனையோ கார்கள் நின்றன. வாரத்தில் ஒரு நாள் ஒன்றைக் கேட்டிருந்தால் முதலாளி கொடுத்திருப்பார். முடி நரைத்துப்போன இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை. அந்தக் காரை ஓடவைக்கிறோம் என்று நடித்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும், அக்காளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஏதாவது ஒரு கார் போதும் என்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?