இடுப்பில் கட்டிய சால்வை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று என் இடுப்பின் இரண்டு பக்கத்திலும் மெல்லிய குழாய்கள் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் முட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. வெட்டித் தைத்த இடத்தில் ஊறுகிற நீர் அதில் வந்து சேரும். லிஃப்டிலிருந்து வீட்டுக் கதவு வரை கூனிக்கொண்டே நடந்தேன். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். மனைவி இரண்டு குப்பிகளையும் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தாள்.

"நீங்கள் கலியாணப் பொம்பிளை, நான் தோழி எண்டு நினைச்சுக்கொண்டு நடவுங்கோ" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரிப்புக்கும் தையல் இழுத்தது. அதன் பிறகு சில நாட்களுக்கு என்னைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். அதை மதித்தவர் யாருமில்லை.

வெளியே எல்லோருக்கும் ஹேர்னியா ஒப்பரேஷன் என்று சொல்லியிருந்தோம். உண்மையில் என் வயிற்றிலும் நெஞ்சிலும் தொங்கிய தோலை வெட்டி எடுத்திருந்தார்கள். தலை நரைத்த ஒரு மனிதன், புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறவன், பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டான் என்று நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையில் தெரிந்தால் மீன் சந்தையில்கூட எனக்கு வழி விடமாட்டார்கள். இன்னொருவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என் தொழில். என் சொந்தக் கதையைத்தான் எனக்குச் சொல்ல வரவில்லை.

நெடுங்காலம் நான் பெரிய உருவம். பெரிய என்றால், முச்சக்கர வண்டிக்காரர் என்னைக் கண்டதும் பின் டயரைக் குனிந்து பார்ப்பார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவேன். எங்கள் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சால்வை இருந்தால் அதையும் தோளில் போடக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நான் சட்டையைக் கழற்றினால் வயிறு உருண்டு திரண்டு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். "பிள்ளையார் நடந்து வாறார்" என்று பகிடி பண்ணுவார்கள். உள்ளூர எனக்கு அது பெருமைதான்.

பிறகு சீனி வருத்தமும் பிரஷரும் ஒன்றாக வந்தன. இப்படியே போனால் மகளின் கலியாணத்தைப் படத்தில் இருந்துதான் பார்ப்பீர்கள், மாலை போட்ட படத்தில் இருந்து, என்றார் டொக்டர். பயந்துவிட்டேன். விடிய எழும்பிக் கடலோர வீதியில் நடந்தேன். இரவில் பாமன்கடைச் சந்தி வரை நடந்து போய், அங்கே கொத்துரொட்டி தட்டும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்திருக்கிறேன். டொக்டர் இரண்டு இடியப்பம் தின்னலாம் என்றால் மனைவி ஒன்றுதான் வைப்பாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார். ஒன்றிரண்டு வருடத்தில் பாதி ஆளாகிவிட்டேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, கொழுப்புப் போனது, தோல் போகவில்லை. வயிற்றில் மடிந்து தொடை வரை தொங்கியது. நெஞ்சில் இரண்டு வெறும் பைகளாகத் தொங்கியது. மடிப்புக்குள் வியர்த்துப் புண் வரும். பவுடர் போட்டுத் துணி வைத்துத்தான் கோர்ட்டுக்குப் போவேன். உடுப்போடு பார்த்தால் ஆள் அழகு. உடுப்பைக் கழற்றினால் எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்காது.

மெலிந்த பிறகு முதல் முறை கோயிலில் சட்டையைக் கழற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு தெரிந்த மனிதர் என் நெஞ்சைப் பார்த்தார், உடனே பார்வையைச் சாமிக்குத் திருப்பினார். பிறகு மெல்ல, "டொக்டர்மார் என்ன சொல்லுகினம்?" என்று கேட்டார். செத்த வீட்டில் கதைக்கிற குரல் அது. எங்கள் ஆட்களுக்கு ஒருவன் மெலிந்தால் அது புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாசலுக்கு வெளியே, சட்டையோடு நின்று கும்பிட்டேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

இந்த நிலையில்தான் மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொட்டாஞ்சேனை. மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் புறக்கோட்டையில் இரும்புக் கடை. காலையில் கோயில் கதவு திறக்குமுன் வாசலில் நிற்கிற ஆள். கலியாணம் கோயில் மண்டபத்தில் என்று முடிவானது. ஆடி பிறந்தால் கலியாணம் வைக்க முடியாது என்பதால் ஆனியிலேயே நாள் பார்த்தார்கள். ஒருநாள் அவர் போன் எடுத்து, கோயிலில் வைப்பது எனக்கு ஏதும் சங்கடமோ என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோல் விஷயம் கொட்டாஞ்சேனை வரை போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு சங்கடமும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சங்கடம் இருந்தது. பெண்ணின் தகப்பன் வெறும் மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மணவறையில் இருக்க வேண்டும். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். மண்டபம் நிறையச் சனம், இரண்டு வீடியோக்காரர், மேலே வெளிச்சம். நான் நித்திரை இல்லாமல் யோசித்தேன். கடைசியில் ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மனைவியிடம் சொன்னேன், என் அண்ணனைக் கன்னிகாதானம் செய்யச் சொல்லிக் கேட்போம், எனக்கு முழங்கால் நோ என்று சொல்லலாம் என்று. மகள் வாசலில் நின்றதை நான் காணவில்லை.

"பெரியப்பா குடுக்கிறதெண்டால் பெரியப்பாவின்ரை மகள் போகட்டும்" என்றாள். "நான் ஏன் போக வேணும்?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று பின்னேரம் வரை வெளியே வரவில்லை. அடுத்த கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களவர். சட்டையைக் கழற்றச் சொன்னார். நான் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்ற நேரம் எடுத்தேன், அவர் அவசரப்படுத்தவில்லை. தோலை எடுத்துவிடலாம், ஆனால் நீளமான தழும்புகள் இருக்கும் என்றார். நான் கோர்ட் பழக்கத்தில் மனைவிக்கு மொழிபெயர்த்தேன்: இந்த மனிதருக்குத் தழும்பு இருக்கும், தோல் இருக்காது, எது வேண்டும் என்று கேட்கிறார். கலியாணத்துக்கு முதல் இந்த மனிதர் நிமிர்ந்து நடப்பாரோ என்று மனைவி கேட்டாள். அதையும் மொழிபெயர்த்தேன். நடப்பார், ஆனால் தையலுக்கு மேல் கட்டுகிற இடுப்புப் பெல்ட்டைக் கலியாண நாளிலும் கழற்றக் கூடாது என்றார். சால்வையை அதற்கு மேல் கட்டினால் தெரியாது என்று மனைவி அங்கேயே தீர்வு சொன்னாள். சத்திரசிகிச்சை முடிந்து முதல் முறை கட்டிலால் இறங்கியபோது தாதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஹெமிஹிட, மாத்தயா, ஹெமிஹிட" என்றாள். மெல்ல, ஐயா, மெல்ல. அதை மட்டும் நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு கழிந்த நாட்களைப் போல நிம்மதியான நாட்கள் எனக்கு வாழ்க்கையில் அதிகம் இருந்ததில்லை. நேராகப் படுக்கக் கூடாது என்பதால் சாய்மனைக் கதிரையிலேயே இரவும் பகலும். எங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தால் இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழம் கடல் தெரியும். அதன் குறுக்கே ரயில் போகும். அந்த ஒரு முழக் கடல் எனக்குப் போதுமாக இருந்தது.

மனைவி காலையும் மாலையும் குப்பிகளைத் திறந்து ஊற்றிக் கழுவுவாள். நீர் சிவப்பாக இருந்து, தேத்தண்ணி நிறமாகி, பிறகு வெளிறி வந்தது. ஒவ்வொரு நிறமாற்றத்தையும் மகளைக் கூப்பிட்டுக் காட்டுவாள். பத்தியத்தில் கத்தரிக்காயும் இறாலும் கிட்டவும் வரவில்லை. கிரந்திச் சாமான், புண் ஆறாது என்பது அவள் கட்சி. டொக்டர் எதுவும் தின்னலாம் என்றாரே என்றேன். டொக்டரா சமைக்கிறார் என்றாள். மல்லியும் மிளகும் சீரகமும் அரைத்து, உள்ளிப்பூண்டு முழுசாகப் போட்டுச் சரக்குக் கறி வந்தது. சுறா வறை வந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சாப்பாடு முழுவதும் எனக்கு வந்தது.

ஒருநாள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சொன்னாள்: "இவள் பிறந்தாப் பிறகு எனக்கும் இப்பிடித்தான் வயிறு கட்டினவை. உங்கட பழைய வேட்டியைக் கிழிச்சுத்தான் கட்டினது."

எனக்கு அது தெரியாது. வேட்டி காணாமல் போனதற்கு அந்தக் காலத்தில் சலவைக்காரரோடு சண்டை பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. பெல்ட் கட்டி முடியும் வரை அவள் தலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் மேல் நிரம்ப அன்பு வந்தது.

ஒரு குழாயைக் கழற்றி, மற்றது இருந்த நாட்களில், சம்பந்தி வருத்தம் பார்க்க வந்தார். திராட்சைப் பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் கொண்டு வந்தார். கதிரை நுனியில் இருந்தார். வெயிலைப் பற்றி, விலைவாசியைப் பற்றிக் கதைத்தார். சாமி அறைப் பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு விஷயம் கேட்பேன், குறை நினைக்கக் கூடாது என்றார்.

"நீங்கள் வேதத்துக்கு மாறினதைப் பற்றி எங்களுக்கு ஒண்டும் இல்லை, சம்மந்தி. கோயிலுக்குள்ளை வாறேல்லை, வாசலோடை நிக்கிறீங்களெண்டு சனம் கதைக்குது. மனுசி அழுதவ. நான் சொன்னனான், ஆர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலென்ன, பிள்ளை நல்ல பிள்ளை, விடப்பா எண்டு. நீங்கள் தாலி கட்டேக்கை உள்ளை வரமாட்டீங்கள்தானே? அதுதான் மண்டப வாசலிலை உங்களுக்கு ஒரு கதிரை போடச் சொல்லி வைச்சனான்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. என்னைப் புற்றுநோய்க்காரனாக்கிய ஊர், பிறகு கிறிஸ்தவனாகவும் ஆக்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அதே நேரம், அந்த மனிதர் எனக்காக வாசலில் ஒரு கதிரை போட நினைத்தாரே என்றும் இருந்தது. அவ்வளவு பக்தியான ஆள், நான் வேறு சாமி கும்பிடுகிறேன் என்று முழுதாக நம்பிக்கொண்டே என் மகளை வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். இதற்குமேல் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டியிருந்த சாரத்துக்கு மேல் நெஞ்சு வரை போர்த்தியிருந்த துவாயை எடுத்து, குழாயையும் பெல்ட்டையும் நெஞ்சில் இருந்த தையலையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். என் தொழிலுக்கு ஏற்றபடி, கூட்டாமல் குறைக்காமல்.

அவர் குனிந்து தையலை உற்றுப் பார்த்தார். பிறகு, "இதுக்கே வாசலிலை நிண்டனீங்கள்?" என்றார். சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். தையல் இழுத்தது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது.

கலியாணத்தன்று காலையில் மண்டபத்துக்குள் போகுமுன் சட்டையைக் கழற்றினேன். நெஞ்சில் இரண்டு சிவந்த கோடுகள். இடுப்பில் தோல் நிறத்தில் பெல்ட், அதற்கு மேல் பட்டுச் சால்வையை மனைவி இறுக்கிக் கட்டிவிட்டாள். பெல்ட்டின் ஒரு ஓரமும் தெரியவில்லை.  மணவறையில் போய் இருந்தபோது முதுகில் அத்தனை கண்களும் இருப்பதாக உணர்ந்தேன். ஐயர் பூணூலைப் போட்டு, விரலில் தர்ப்பையை மாட்டினார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். இழுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு மகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அவள் கையை என் கையில் வைத்தார்கள். மனைவி நீர் வார்த்தாள். அந்த நீர் என் விரல்களுக்குள்ளால் ஓடும்போது மகள் அழத் தொடங்கினாள். குனிந்த தலை, கண்மை கன்னத்தில் வழிகிறது, துடைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. கைக்கு வந்ததை இழுத்து நான் துடைத்துவிட்டேன். அவள் கை மாப்பிள்ளையின் கைக்குப் போனது. மேளம் கொட்டியது.

தாலி கட்டி முடிந்ததும் மண்டப வாசலுக்குப் போனேன். அந்தக் கதிரை அங்கேயே இருந்தது. வேண்டாம் என்று சொல்லச் சம்பந்தி மறந்திருக்க வேண்டும். மணவறையில் மடக்கி வைத்திருந்த காலுக்கு நன்றாக இருந்தது, அதில் இருந்துகொண்டு வருகிறவர்களை எல்லாம் சாப்பிட அனுப்பினேன். கோயிலில் செத்த வீட்டுக் குரலில் கேட்ட அதே மனிதரின் கையைப் பிடித்து, வடை சூடாக இருக்கிறது, போங்கோ என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தகப்பனின் சந்தோஷத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மனைவி வந்து முன்னால் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சால்வை எங்கை?"

குனிந்து பார்த்தேன். இடுப்பில் வேட்டிக்கு மேல் பெல்ட் மட்டும் இருந்தது. நெஞ்சில் இரண்டு கோடுகளும் சந்தனமும். அரைமணி நேரமாக முழு வெள்ளவத்தையையும் அப்படியே வரவேற்றிருக்கிறேன். திரும்பி மணவறையைப் பார்த்தேன். கண்மைக் கறை பட்ட என் சால்வையை மகள் மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்றாள் மனைவி.

வேண்டாம், அவளிடமே இருக்கட்டும் என்றேன்.