துரைக்குச் சொறி இல்லை

அன்று எங்கள் வீட்டுப் பின்புறம் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். எங்களை வேலை வாங்கும் மண்டோர். பக்கத்து வீட்டுக்காரி. பழைய எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த துரை.

போன தீபாவளி கழிந்து வந்த ஒரு சனிக்கிழமை. மலேசியாவில், சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் வழியில், உள்ளே தள்ளி இருக்கும் செம்பனைத் தோட்டம், எண்ணெய்ப் பனை. அதில் தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி லயத்தில் எங்கள் வீடு. நான் உதிர்ந்த பழம் பொறுக்குகிறேன். உரம் போடும் காலத்தில் உரம் போடுகிறேன். அவர் டிராக்டர் ஓட்டுகிறார்.

துரை எங்கள் நாய். நாங்கள் வாங்கியதில்லை. டவுன் தாமான் குடியிருப்புகளில் ஆசைக்கு வாங்குகிறவர்கள் சலித்துப் போனால் காரில் கொண்டுவந்து தோட்டத்து ஓரம் இறக்கிவிட்டுப் போவார்கள். அப்படி வந்தவன். பனி விழும் நாட்டு நாய். சடை முடி, நீலக் கண். முதல் நாள் லயமே திரண்டு வந்து பார்த்தது. "வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்துட்டாருடி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பேர் அப்படியே நின்றுவிட்டது. ஆபீசில் இருக்கும் துரைக்கு, அதாவது எங்கள் மேனேஜருக்கு, இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் சாப்பிடுவதுதான் அவனுக்கும். சோறு, குழம்பு. காலையில் எனக்கு முன்னால் மரங்களுக்கு நடுவே நடப்பான். ஒரு தடவை ஓலைக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு என்னை நகரவிடவில்லை. உள்ளே நாகம். அதற்குப் பிறகு அவன் இல்லாமல் நான் வேலைக்கு இறங்கியதில்லை.

பிறகு அவனுக்குக் கண்ணைச் சுற்றிப் பொருக்கு கட்டியது. அடுத்து வாய், காது. கடைசியில் பாதம் வெடித்தது. நடை நின்றுபோனது. பார்த்தவர்கள் எல்லோரும் சொறி என்றார்கள். மண்டோர் கறுப்பு எண்ணெய் பூசச் சொன்னார். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் கந்தகத்தைக் குழைத்துப் பூசுவது. தோட்டத்தில் நாய்க்கு எது வந்தாலும் அதுதான் வைத்தியம். என் வீட்டுக்காரர் டிராக்டரிலிருந்து வடித்துக்கொண்டு வந்தார். பூசினோம். அவன் நக்கினான், வாந்தி எடுத்தான். மறுபடியும் பூசினோம். புண் பெரிதானதுதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை மண்டோர் வந்து நின்றார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. துரை சொல்லிட்டாரு. திங்கக்கிழமை நான் வர்றப்ப நாய் இங்க இருக்கக் கூடாதாம். இருந்தா நாயைப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டுருவாராம்."

"எந்தத் துரை?" என்றார் என் வீட்டுக்காரர்.

மண்டோர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் ஆபீசில் போய்ச் சொல்லியிருந்தாள். அதை அவளே ஒத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஆசையா? ஸ்கூல் லீவுக்குப் பேரப்புள்ளைங்க வருது. ஒட்டிக்கிச்சுன்னா மருமக என்னைத்தான் கிழிப்பா."

அவள் சொன்னதில் தப்பில்லை.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார். "போர்டிக்சன்ல கொண்டுபோய் விட்டுட்டு வரேன். கடலோரம் சாப்பாட்டுக் கடைங்க இருக்கு. பொழைச்சுக்கும்."

"நடக்க முடியாத நாய் எப்படிங்க பொழைக்கும்?"

"அப்ப என்னா பண்ணச் சொல்ற? எனக்கும் சலிச்சுப் போச்சு லா."

அவர் சலித்துப் போயிருந்தது உண்மை. இனிப்பு நீர் அவருக்கு, சர்க்கரை வியாதி. ரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரையை மறந்துவிட்டேன் என்பார். மறக்கவில்லை, வேண்டுமென்றே விடுகிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு நானும் விட்டுவிட்டேன். அன்று சண்டை போட எனக்கும் தெம்பில்லை.

"சிரம்பான்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுவோம். அப்புறம் எங்க வேணும்னாலும் விடுங்க" என்றேன்.

கார்ச் சாவியை எடுத்தார். பின் சீட்டில் சாக்கை விரித்துத் துரையைத் தூக்கி வைத்தோம்.

நாய் டாக்டர் சின்னப் பெண். தமிழ்ப் பெண். கிட்டே வந்ததும் முதலில் மோந்து பார்த்தது.

"ஆன்ட்டி, என்ன பூசியிருக்கீங்க?"

"கறுப்பு எண்ணெய்."

"கார் எண்ணெயா?"

"டிராக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த எண்ணெயே விஷம், இனிமேல் தொடவே கூடாது என்றது. பிறகு தோலைச் சுரண்டி எடுத்துப் பெரிதாகக் காட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தது.

"பூச்சி இல்ல. இது சொறி மாதிரி தெரியல. இது யாருக்கும் ஒட்டாது, ஆன்ட்டி. இந்த ஜாதி நாய்ங்க சிலதுக்கு, சாப்பாட்டுல இருக்கிற ஸிங்க்ங்கிற சத்து உடம்புல சரியா சேராது. நீங்க வேற வெறும் சோறு போடுறீங்க. அதுல இன்னும் கொறைஞ்சு போகும். கண்ணு, வாயி, பாதம், இங்கதான் காட்டும்."

எனக்குப் புரிந்தது. செம்பனைக்குப் போரோன் சத்து குறைந்தால் ஓலை நுனி கொக்கி மாதிரி மடங்கும். ஓலைக்கு மருந்து அடித்து என்ன பயன்? மரத்துக்கு அந்த உரத்தைப் போட வேண்டும்.

நிச்சயம் செய்துகொள்ள மரத்துப்போக ஊசி போட்டுத் தோலில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியது. எண்ணெயைக் கழுவ சோப்பு கொடுத்தது. ஸிங்க் மாத்திரை கையிருப்பில் இல்லை, திங்கட்கிழமை வரும் என்றது.

"ஆனா ஒண்ணு அங்கிள், ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. உயிரோட இருக்கிற வரைக்கும் கொடுக்கணும்."

"என்னை மாதிரியா?"

"உங்களுக்கு என்ன?"

"இனிப்பு நீர்."

"ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அவர் நாயைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் துரையைக் குளிப்பாட்டினேன். அவர் மோட்டார் சைக்கிளில் எங்கேயோ போனார். நான் கை கழுவிவிட்டு வெளியே வரும்போது திரும்பியிருந்தார். துரைக்கு முன்னால் குந்தி, தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அவர் நாய்க்குச் சோறு வைத்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒரு காகிதம். அதில் வெள்ளையாக உப்புக் கல் மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது.

"என்னங்க அது?"

"ஸிங்க். நாத்துக்கு உரமாப் போடுறது. ஸ்டோர்ல மூட்டை கிடக்கு. மேல அதே எழுத்துதான் போட்டிருக்கு. திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்துக் கிடக்கணும்?"

ஒரு கைப்பிடி போட்டிருந்தார். துரை மூக்கைத் தட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். குனிய நேரமில்லை. காலால் தட்டை எட்டி உதைத்தேன். சோறு புல்லில் கொட்டியது.

"பைத்தியமா உனக்கு?"

"நாத்துக்கே அதைக் கரண்டியால அளந்துதான போடுறோம்? கூடிப் போச்சுன்னா குருத்து கருகிப் போகும். இது வயிறுங்க."

டாக்டர் பெண்ணுக்குப் போன் போட்டேன். எனக்குக் காது மந்தம், அதனால் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டது.

"நக்கிட்டானா?"

"இல்லம்மா. வாய் வைக்கல."

"அவ்வளவு சாப்பிட்டிருந்தா செத்திருப்பான், ஆன்ட்டி."

அவருக்கும் கேட்டது. படியில் போய் உட்கார்ந்தார். நான் சோற்றையெல்லாம் வழித்து எடுத்து மூட்டை கட்டித் தூரக் குப்பையில் போட்டேன், கோழி கொத்தாமல் இருக்க. திரும்பி வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சரியாகட்டும்னுதான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். போர்டிக்சன் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவர் டிராக்டர் எடுக்கப் போகவில்லை. மண்டோர் வரும் வரைக்கும் வாசலிலேயே நின்றார்.

"என்னய்யா, இன்னும் இருக்கா?"

"இருக்கான். டாக்டர்கிட்ட காட்டியாச்சு. இது ஒட்டாது."

"நீ சொல்லுவ. ஆபீஸ்ல நம்பணுமே லா."

வீட்டுக்காரர் காலடியில் படுத்திருந்த துரைக்குப் பக்கத்தில் குந்தினார். துரையின் வாயோரம் இருந்த பொருக்கில் உள்ளங்கையை வைத்து நன்றாகத் தேய்த்தார். அந்தக் கையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கன்னத்திலும், பவுடர் போடுவது போல.

"போய்ச் சொல்லு. ஒட்டுச்சுன்னா ரெண்டு பேரையும் சேர்த்து வெளிய அனுப்பச் சொல்லு."

மண்டோர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ ஒரு மாதிரி ஆளுய்யா" என்றார். தைப்பூசம் வரைக்கும் ஆபீசில் பேசி வைக்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே மாத்திரை வாங்கி வந்தோம். சோற்றோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான். சோற்றையும் குறைத்து நாய்த் தீனி சேர்த்தோம். பரிசோதனை முடிவும் டாக்டர் சொன்ன மாதிரியே வந்தது. தைப்பூசத்துக்கு முன்னாலேயே பொருக்கு உதிர்ந்து, கண்ணைச் சுற்றி முடி முளைத்துவிட்டது. "துரை சவரம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்காரே" என்றார் மண்டோர். கறுப்பு எண்ணெய் பூசச் சொன்னதே தான்தான் என்பதை அவர் மறந்துவிட்டார். நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. பேரப்பிள்ளைகள் வந்தார்கள். மருமகளே துரையைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

துரை இப்போது எனக்கு முன்னால் நடக்கிறான். வெயில் ஏறினால் முடியாது, நிழலில் படுத்துவிடுவான். நானும் அப்படித்தான். வேலை அதே வேலை, சலிப்பும் அதே சலிப்பு. உள்ளே இல்லாத ஒன்றுக்காக இத்தனை நாள் வெளியே பூசிக்கொண்டிருந்தோமே என்பது மட்டும் வேலை நேரத்தில் அடிக்கடி நினைவுக்கு வரும். துரைக்கு மாத்திரை கொடுப்பது அவர் பொறுப்பு. மத்தி மீனில் மறைத்து ஊட்டுவார். துரை விழுங்கி முடிக்கும் வரைக்கும் தன் மாத்திரைகளைக் கையிலேயே வைத்திருப்பார். பிறகு அவரும் போட்டுக்கொள்வார். நான் கேட்பதில்லை. காலையில் எடுத்து வைப்பதோடு சரி. அவருக்கு மூன்று. எனக்கும் அழுத்தத்துக்கு ஒன்று. துரைக்கு ஒன்று.

மொத்தம் ஐந்து.