ஹாரன் மாஸ்டர் பரிசுத்தத்தில் வளர்ந்த விதம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊர் அதை எப்போதோ கைகழுவிவிட்டு 'ஹாரன் மாஸ்டர்' என்றே அழைத்தது. அவருடைய வண்டியில் ஹாரன் பழுதாகி ஆறு வருடம் ஆயிற்று. சரிசெய்யவில்லை, தேவைப்படவில்லை. ஒருமுறை "கிளட்ச்!" என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்தில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் லாரிக்காரர் தன் கிளட்சை மிதித்து, லாரியை ஓரங்கட்டி, இறங்கி வந்து மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு ஆராதனைக்கு முதல் ஆள் மாஸ்டர்தான். முன்வரிசையில் உட்கார்ந்து உருக்கமாகப் பாடுவார். கற்றுக்கொடுப்பவர் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பழகிய கால், பிரசங்கம் நீண்டால் தானாகத் தரையை அழுத்தும். போதகர் கண்டும் காணாதவர்போல இருந்துவிடுவார்.

மனைவியின் தங்கையும் அவரிடம் கற்க வந்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டுப்போடும் நர்ஸ் அவள். மருந்துப் பையைச் சுமந்து பேருந்து மாறி மாறி ஒரு தோளே இறங்கிப்போயிருந்தது. மூன்றாம் நாள், மற்ற மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "உனக்கெல்லாம் வண்டி ஒரு கேடா? நீ நடந்து போனாலே நாலு பேருக்கு அடிபடும்!" என்றார் மாஸ்டர். சாவியைப் பிடுங்கி அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனவள்தான். இரண்டு வருடமாக அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் தங்கையோடு போனில் பேசினாள். ஒருநாள் குழாயைத் திறக்க மறந்துவிட்டாள். அழுகை கூடம் வரை கேட்டது.

அன்றைக்குத்தான் மாஸ்டர் பரிசுத்தமாகிவிடுவது என்று முடிவெடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக என்பதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை முதல், ஒரே மூச்சில். பாவம் செய்வது நாக்குதானே? வண்டிக்குள் வாயே திறப்பதில்லை என்று பொருத்தனை செய்துகொண்டார்.

திங்கள் காலை வந்தவர் ஒரு தையற்காரர், பயந்த சுபாவம். "நேரா போகட்டுமா மாஸ்டர்?" என்றார். மாஸ்டர் தலையாட்டினார். ஆட்டிய பிறகு, இதுவும் பேச்சில் சேருமோ என்று சந்தேகம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு சிலையாகிவிட்டார். திரும்பச் சொல்ல ஆளில்லை, கேட்கத் தைரியமில்லை. தையற்காரர் நேராகப் போனார். சந்தை போயிற்று, மேம்பாலம் போயிற்று, ஊரே போயிற்று. அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில், ஒரு செங்கல் சூளை முன்னால் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது.

"திட்டிடுங்க மாஸ்டர்," என்று தையற்காரர் அழுதேவிட்டார். "இது தாங்கல."

செய்தி போதகர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. "வாயை மூடுறதுதான் பரிசுத்தம்னா, என் வீட்டு பீரோ உங்களைவிடப் பெரிய பரிசுத்தவான்," என்றார்.

"வேற என்னதான் செய்யட்டும் ஐயா?"

"நீங்களே உங்களைத் துவைச்சு, இஸ்திரி போட்டு ஆண்டவர் முன்னாடி நிக்கப் பாக்குறீங்க. அது அவர் வேலை. அழுக்கை ஒளிக்காம காட்டுங்க, கோபம் வர்றப்பவே அவரைக் கூப்பிடுங்க. ஆமா, மச்சினிகிட்ட மன்னிப்பு கேட்டாச்சா?"

"ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேனே."

"திட்டினது அவரையா?"

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது.

மறுநாள் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். "நான் பேசினது தப்பும்மா. நாலு பேர் முன்னாடி உன்னைச் சின்னப்படுத்திட்டேன். மன்னிச்சிரு."

"அக்கா சொல்லிக்கொடுத்தாளா?"

"இல்லம்மா, போதகர்."

"அதானே பார்த்தேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் வியாழக்கிழமை வண்டி முன்னால் வந்து நின்றாள். "மன்னிச்சிட்டேன்னெல்லாம் நினைக்காதீங்க அத்தான். பை கனக்குது, வந்தேன்."

ஒவ்வொரு திருப்பத்திலும் மாஸ்டர் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முணுமுணுத்தார்.

"ஜெபமா, பயமா?"

"ரெண்டும்தாம்மா."

முக்கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. திரும்பி வந்து பின்பக்கமாக வண்டியை நிறுத்தும்போதுதான், மாஸ்டருடைய டிரைவிங் பள்ளியின் பெயர்ப்பலகையை ஒரே இடியில் சாய்த்தாள்.

"கண்ணை வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்தியா!"

தெருக்கோடியில் காக்கைகள் கிளம்பின. காத்திருந்த மாணவர்கள் ஆளுக்கொரு திசை பார்த்தார்கள். அவள் இன்ஜினை அணைத்தாள், கதவைத் திறந்தாள், ஒரு காலைத் தரையில் வைத்தாள். இன்னொரு காலும் இறங்கினால் அவ்வளவுதான், இந்த ஜன்மத்தில் திரும்ப மாட்டாள்.

"ஆண்டவரே," என்றார் மாஸ்டர், இந்த முறை சத்தமாகவே. பிறகு அவள் பக்கம் திரும்பி, அத்தனை மாணவர்களுக்கும் கேட்கும்படி, "கத்தினது என் தப்பு. மன்னிச்சிரும்மா," என்றார். எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாடி பார்க்கிறவளின் பழக்கத்தில் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "போன தடவை ரெண்டு வருஷம். இப்ப அரை நிமிஷம்."

"இன்னும் குறையுமாம்மா?"

"போதகரைக் கேளுங்க." காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "இறங்கி அந்தப் பலகையை நிமிர்த்துங்க அத்தான். மறுபடி ரிவர்ஸ் எடுக்கணும்."

அன்று பலகை மொத்தம் ஏழு முறை விழுந்தது. மாஸ்டர் மூன்று முறை கத்தினார், மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். மற்ற நான்கு முறை வாய் எப்படி அடங்கியது என்று அவருக்கே தெரியாது. ஜெபத்தில் அதற்குத் தனியாக நன்றி சொன்னார்.

மாலையில் மைத்துனி வண்டியை அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பாதி வண்டி பக்கத்து வீட்டு வாசலில் இருந்தது. மாஸ்டர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.