பாண்காரர் போடும் பாட்டை எழுதியவர்

எங்கள் ஒழுங்கைக்குக் காலை ஆறரைக்குப் பேக்கரியிலிருந்து பாணும் பணிஸும் ஏற்றிக்கொண்டு பாண் ஓட்டோ வரும். அதன் கூரையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி இப்படிப் பாடும்:

வாறியோ வரேல்லையோ, வாசலுக்கு வந்து சொல்லு
நேற்று வந்த நேரத்துக்கே நிக்கிறன் நான், வந்து சொல்லு

இவ்வளவுதான் பல்லவி. சரணம் இதைவிட மோசம். திருகோணமலையில் இதைப் பாடத் தெரியாத உயிர்கள் பஸ் நிலையத்தைச் சுற்றித் திரியும் மான்கள் மட்டுந்தான். அவையும் தலையாட்டுவதாகக் கேள்வி.

இதை எழுதியவன் நான். ஒரு மனிதன் சொல்லிப் பெருமைப்படக்கூடிய விஷயமில்லை. ஆனாலும் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக அலைகிறேன்.

பாடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாலையூற்றுக்காரர், நெடுநெடுவென்று வளர்ந்த நெடுவல், வாகனம் ஓட்டப் பழக்குபவர். மற்றவர் கிண்ணியாக்காரர், சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். இருவருமாகத் தங்களுக்கு ஓர் ஆங்கிலப் பெயரைச் சூட்டிக்கொண்டு, முதல் பாட்டுக்கு வரி கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் இரண்டு கவிதைத் தொகுதி போட்டவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். இரண்டும் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாப் பிரதிகளும்.

நான்கு நாள் மினக்கெட்டு, துறைமுகத்தைப் பற்றி எட்டுக் கண்ணிகள் எழுதினேன். கடல் அதில் ஏழு வெவ்வேறு பெயர்களில் வந்தது. போன் கடைக்காரர் பாடிப் பார்த்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

"சேர், குறை நினைக்காதீங்க. கல்யாண வீட்டில இதைத் தொடங்கினா, பாடி முடிக்கிறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சிரும்."

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கெல்லாம் என்ன தேவை என்று எனக்குத் தெரியாதா என்று, சட்டைப் பையில் இருந்த லீவு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பத்து நிமிடத்தில் 'வாறியோ வரேல்லையோ' என்று கிறுக்கி நீட்டினேன். அவமதிப்பாகத்தான் கொடுத்தேன். அவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டார்கள்.

"என்ர பேரைப் போடக்கூடாது. ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ," என்றேன்.

நெடுவல் கோணேசர் கோயில் இருக்கும் மலைப் பக்கம் திரும்பித் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். மற்றவர், "நாங்க எல்லாத்துக்கும் சத்தியம் பண்ற இல்ல சேர். வாக்குத் தாறன், காணும்தானே?" என்றார். அதுவே போதும் என்றேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு கவனமாக வேறெந்தத் தவறையும் செய்ததில்லை.

பாட்டு இணையத்தில் ஏறியது. இரண்டு மாதம் அதைக் கேட்டவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்கள். நானும் நிம்மதியாக இருந்தேன். அப்போது எங்கள் பாண்காரரின் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. அவர் அதுவரை போட்டுவந்த பழைய மெட்டு இழுத்து இழுத்து, செத்த வீட்டுக்குப் போவது போலக் கேட்டதாம். அவர் அதைத் திருத்தக் கொண்டுபோனது, வேறெங்கே, அந்தப் போன் கடைக்கு. கடைக்காரர் திருத்தியதோடு தன் பாட்டையும் ஏற்றிவிட்டார். காதலியை வாசலுக்குக் கூப்பிட நான் எழுதியதைக் கேட்டு, ஊரே பாண் வாங்க வாசலுக்கு வந்தது. ஒரு மாதத்தில் கந்தளாய் பஸ்ஸிலும் அதுதான், கல்யாண மண்டபங்களிலும் அதுதான். கலை எப்படி மக்களைச் சென்றடைகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் ஒருவரும் பணிஸைப் பற்றி எழுதுவதில்லை.

அந்தச் சமயம் எங்கள் இலக்கிய வட்டத்தில் 'இன்றைய பாடல்களின் சீரழிவு' என்று பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். இந்தப் பாட்டையே கிழித்துப் பேசினால் யாருக்கும் என்மேல் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டேன். பேசினேன். கைதட்டினார்கள். அந்த மயக்கத்தில் அதைக் கட்டுரையாக்கிப் பேப்பருக்கும் அனுப்பினேன். 'இதை எழுதிய கை இனிப் பேனை பிடிக்கக் கூடாது' என்று முடித்திருந்தேன். எந்தக் கையால் எழுதினேனோ அந்தக் கையைப் பற்றி.

வீட்டில் மனைவி கட்டுரையை வாசித்துவிட்டுச் சொன்னாள்: "பாவம், ஏன் அந்த மனுசனைத் திட்டுறீங்கள்? உங்கட ரெண்டு புத்தகத்திலயும் இப்பிடி ஒரு வரி இல்லையே."

அன்று பின்னேரமே போன் கடைக்குப் போனேன். அப்படித் திட்டி எழுதியவன் நானே சொன்னால் யார் நம்புவார்கள், அவர்கள்தான் சொல்ல வேண்டும். நெடுவலும் இருந்தார்.

"தம்பியவை, இனி என்ர பேரைச் சொல்லலாம்."

"ஏலாது அண்ணை. கோணேசர் அறியச் செய்தது."

"நானே விடுறன் எண்டு சொல்றன்."

"உங்களிட்டயா சத்தியம் பண்ணினது? அவரிட்ட. அவர் விடவேணும்."

போன் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அதோட சேர், பேப்பரும் பார்த்தம். நீங்களே அவ்வளவு கேவலமெண்டு எழுதின பாட்டுக்கு உங்களை நாங்க காட்டிக் குடுக்கிறதா? எங்களுக்கும் ஒரு இது இருக்கு."

இந்தக் காலத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள் இல்லை என்று நானே பலதடவை எழுதியிருக்கிறேன். இருக்கிறார்கள். இருந்துதான் தொலைக்கிறார்கள்.

பிறகு கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து இருவரையும் பேட்டி கண்டார்கள். எழுதியது யார் என்ற கேள்விக்கு நெடுவல், "எங்கட ஊர் இலக்கியக்காரர் ஒருத்தர். பெரிய மனுசர். பேர் சொல்லக்கூடாது எண்டிட்டார்," என்றார். அவர் என்னைப் பெரிய மனுசர் என்று சொன்ன அந்த நேரத்தில் என் வீட்டில் மின்சாரம் இல்லை.

ஊர் ஆளைத் தேடத் தொடங்கியது. இலக்கிய வட்டத்துச் செயலாளரிடம் யாரோ, "நீங்களோ ஐயா?" என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. சிரித்தார். முப்பது வருடமாக ஒரு நல்ல வரி எழுதாதவர், அந்த ஒரு சிரிப்பில் என் பாட்டை எழுதி முடித்துவிட்டார். நான் திட்டி எழுதியதற்கும் ஊருக்கு உடனே காரணம் கிடைத்தது: பொறாமை.

போன மாதம் நகர மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு. மனஸ்தாபம் தீரட்டும் என்று பொன்னாடையை என்னையே போர்த்தச் சொன்னார்கள். மேடையின் பின்வரிசைக் கதிரைகளில் நெடுவலும் போன் கடைக்காரரும் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் இருவரையும் நம்பலாம். போர்த்தினேன். செயலாளர் என் காதருகே குனிந்தார்.

"கட்டுரை கொஞ்சம் கடுமைதான். பரவாயில்லை, நான் மனசில வைக்கேல்லை."

மறுநாள் காலை ஒலிபெருக்கி என்னை வாசலுக்கு வந்து சொல்லச் சொன்னது. போனேன். ஒழுங்கையில் வேறு ஒருவரும் இல்லை.

"இந்தப் பாட்டை எழுதினது நான்தான்," என்று பாண்காரரிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்தபடியே, "ஓம் ஐயா. முன் ஒழுங்கையிலயும் ரெண்டு பேர் இப்பிடித்தான் சொன்னவை," என்றார். "ரோஸ் பாணோ, அச்சுப் பாணோ?"

ரோஸ் பாண் என்றேன்.